சாப்பிட்டு முடித்த பிறகு எடுத்த படம்

என் தம்பி பத்திரிகைக்குப் படம் பிடிக்கிறவன். நாமெல்லாம் கல்யாண வீட்டுக்கு ஓடுகிற மாதிரி அவன் பஞ்சம் நடக்கிற ஊருக்கு ஓடுவான். ஆப்பிரிக்காவில் ஒரு பஞ்ச நிவாரண முகாமில் எடுத்த படங்களைத் திருச்சியில் ஓர் அரங்கில் வைக்கிறார்கள் என்றதும், போன அமாவாசையன்று லால்குடியிலிருந்து காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு இருபது கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அரங்கில் காத்திருந்த தம்பி இளைத்துப் போயிருந்தான். "பஞ்சத்தைப் படம் எடுக்கப் போனியா, நடிக்கப் போனியாடா?" என்றேன். சிரித்தான், முகம் மட்டும் சரியில்லை. வாசலில் பெரிதாக எந்தப் படம் வைப்பதென்று சாயங்காலத்துக்குள் சொல்லணுமாம். கையில் இரண்டு படம், இரண்டிலும் ஒரே பெண். ஒன்றில் தரையில் குனிந்து கஞ்சியை அள்ளி வாயில் போடுகிறாள். இன்னொன்றில் பிள்ளையோடு நிமிர்ந்து நிற்கிறாள். அரங்கத்துக்காரர் முதல் படம்தான் கேட்கிறார்.

"ரெண்டாவதுல பஞ்சமே தெரியலையாம்க்கா."

"முதல்ல குளிப்போம் வா" என்று ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு இழுத்துப்போனேன். படித்துறையில் யாரோ தயிர்சாதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பூ விற்கிற அம்மா ஒருத்தர் வாங்கிப் பிரித்தார். இவன் கை சும்மா இருக்குமா? கேமராவைத் தூக்கிவிட்டான்.

அந்தம்மா சோற்றை முந்தானையால் மூடினார். "சாப்பிடற வாயைப் போய் எடுப்பாங்களா தம்பி? கண்ணு படும். இருங்க, முடிச்சிட்டு வரேன்."

"நல்லா சொல்லுங்கம்மா. வீட்டுல இவன் தட்டை யாராவது பார்த்தா சண்டைக்கு வருவான்" என்றேன்.

கை கழுவி, முகம் துடைத்து, கூடையிலிருந்து கொஞ்சம் மல்லிகையைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "இப்ப எடுங்க."

எடுத்தான். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"முகாம்ல அவளும் இதேதான்க்கா பண்ணா. நான் எடுத்ததைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினா. பிள்ளை முகத்தைத் துடைச்சிட்டு எழுந்து நின்னா. அப்புறம்தான் ரெண்டாவது."

"பின்னே என்னை எதுக்குடா கேக்குறே? அவதான் சொல்லிட்டாளே!"

அங்கிருந்தே அரங்கத்துக்காரருக்குப் போன் போட்டான். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "அந்த ரெண்டாவது படம் இல்லைன்னா வாசல்ல ஒண்ணுமே வேண்டாம் சார்" என்று வைத்துவிட்டான், என் தங்கம்.

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்; இப்போது வாசலில் நிற்பது நிமிர்ந்தவள்தான். ஞாயிறு வரை, காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை போய்ப் பாருங்கள்; கட்டணமில்லை. அம்மா மண்டபத்துக்கு அமாவாசையில் போனால் எட்டரைக்குள் போய்விடுங்கள், பிறகு கால் வைக்க இடமிருக்காது. யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

படத்தைப் பார்க்க வருகிறவர்கள் தம்பியிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்குங்க?" அவனுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து முகாமுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறான்.