தின்னர் வாசம்

அன்று காலை 11 மணி 42 நிமிடம். கட்டுப்பாட்டு அறைத் திரையின் மேல் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் இன்டர்காமை எடுத்தேன். எங்கள் ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கேட்டிலிருந்த செக்யூரிட்டி பேசினார்.

"சார், உங்க போன் நிக்காம அடிச்சுதுங்க. எடுத்துட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஸ்கூல்ல இருந்துங்க. மேடம் கிளாஸ்ல உளுந்துட்டாங்களாமுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

"சரிங்க, வாரேன்" என்றேன். கிளம்பும் முன் ஒரு பம்பின் அழுத்த அளவைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். பிறகு போய்ப் பார்த்தபோது எண் சரியாகத்தான் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

என் மனைவி சுகன்யா. மேட்டூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வயது முப்பத்தொன்று. முப்பதாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அவருடன் வேலை செய்த ஹேமா டீச்சர் கேட்டார். "வகுப்பப் பத்தி நாங்க எழுதிருவோமுங்க சார். படகப் பத்தி உங்கள உட்டா யாருங்க எழுதறது?" என்றார். அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். படகுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் வாங்க, போங்க. அது அவர் போட்ட சட்டம். அவருடைய அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். லாரிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு உலகத்தில் இரண்டே பதவிகள்தான்: ஓனர், கிளீனர். படகு வந்த அன்றைக்கே பதவி பிரித்தாகிவிட்டது. "படகப் பார்த்தது நானு. கேட்டது நானு. அப்ப ஓனர் ஆருங்க?" என்றார். இஞ்சினியரிங் படித்த நான் கிளீனர். இந்தக் கட்டுரையிலும் அவர் ஓனர்தான். அதனால் அவர் என்றே எழுதுகிறேன்.

கல்யாணமாகி மேட்டூர் வந்த புதிதில் அணையைப் பார்க்கக் கூட்டிப்போனேன். நாமக்கல்காரருக்கு அவ்வளவு தண்ணீர் புதிது. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இத்தன தண்ணிய வெச்சுக்கிட்டு ஒருத்தருமே சும்மா ஒரு நட போயிட்டு வர மாட்டாங்களா?" மீன் பிடிக்கப் போவார்கள், அக்கரைக்குப் போவார்கள் என்றேன். "அதெல்லாம் வேலைங்க. நான் சும்மா போறதக் கேட்டேன்" என்றார்.

அந்த 'சும்மா' நான்கு வருடம் எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாள் ஏற்காட்டிலிருந்து திரும்பும்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில் வண்டி பஞ்சர். பஞ்சர் கடைக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவே, பதினாலு அடி நீளத்தில் ஒரு மரப்படகு கிடந்தது. பின்னால் இஞ்சின் மாட்டி ஓட்டும் ரகம். மலைமேல் எங்கோ ஓடி ஓய்ந்தது என்றார் கடைக்காரர். இஞ்சின் இறுகிப்போயிருந்தது. பலகைகளுக்கு நடுவே விரல் போகுமளவு இடைவெளி. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழியோடவேங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டார் சுகன்யா. குஞ்சு பொரித்த பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது.

எங்கள் இருவருக்கும் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. இஞ்சின் என் பாடு. கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, பிஸ்டனை விடுவிக்க ஒன்றரை மாதம் ஆனது. வீட்டுப் பின்புறம் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இஞ்சினை அதன் விளிம்பில் மாட்டினோம். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை ஓனர்தான் இழுக்க வேண்டும் என்று பிடிவாதம். பதினான்காவது இழுப்பில் பிடித்தது. டிரம் தண்ணீர் முழுக்க எங்கள் மேல். புகையில் இருமிக்கொண்டே, "கிளீனரு, வண்டி உசுரோடதான் இருக்குது" என்றார். அந்த ஈரச் சேலையோடு பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பலகைகள் அவர் பாடு. அப்பாவிடம் போனில் கேட்டார். "சந்து தெரியக் கூடாது சாமி. பட்டிய நல்லா அமுக்கிக் குடு. காஞ்சதும் தேச்சுட்டுப் பெயிண்ட் அடி. கண்ணாடியாட்டம் இருக்கோணும்" என்றார் மாமா. பட்டி என்பது லாரி பாடியில் பள்ளம் மேடு தெரியாமல் பூசும் கலவை. மாமாவே இரண்டு டப்பா கொடுத்தனுப்பினார். படகு கண்ணாடி மாதிரிதான் ஆனது. நீல நிறம். முகப்பில் இரு பக்கமும் லாரிக்கு வரைவது போல இரண்டு கண்கள்.

அணைக்கரையில் மீன் பிடிக்கும் மாரியண்ணன் இடத்தில் தண்ணீரில் இறக்கினோம். ஒரு மணி நேரம் மிதந்தது. பிறகு பலகைகள் தண்ணீர் குடித்து உப்ப ஆரம்பித்தன. உப்புவதற்கு இடமில்லை, இடமெல்லாம் கல் மாதிரி பட்டி. டப், டப் என்று பட்டி தெறித்தது. ஒரு பலகை ஆணியோடு எழும்பியது. நாங்கள் பார்க்கப் பார்க்க இரண்டு கண்களும் தண்ணீருக்குள் போயின.

மாரியண்ணன் பீடியைக் கீழே போட்டார். "நீங்க லாரி செஞ்சிருக்கீங்க சாமி" என்றார். "மரம் தண்ணிக்குள்ள பெருக்குமுங்க. அதுக்கு எடம் உட்டு, மெத்துனு எதையாச்சும் திணிக்கோணும். அப்பறம் முங்க வெச்சு ஊறப் போடோணும். லாரிக்கு மழ மேல இருந்துதான வருது? இதுக்குக் கீழ இருந்து வருமுங்க."

சுகன்யா கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் வகுப்பில் கணக்கே போட்டாராம்: ஒரு படகில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் புகுந்தால் எப்போது மூழ்கும்? "மிஸ், இது உங்க படகுங்களா?" என்று ஒரு மாணவி கேட்க, "ஆமா. வெடைய நேர்லயே பாத்துட்டு வந்துதான் கேக்கறேன்" என்றாராம்.

பட்டி முழுவதையும் சுரண்டி எடுக்க மூன்று மாதம் ஆனது. பெயிண்ட் நீக்கும் மருந்து, பெயிண்டைக் கரைக்கும் தின்னர், மறுபடி தின்னர். பள்ளி விட்டு வந்ததும், படகைத் திரும்பக் கொண்டுவந்து போட்டிருந்த வீட்டுப் பின்புற ஷெட்டுக்குள் போய்விடுவார். அப்போதுதான் தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார்.

"தின்னர் வாசம். ஜன்னல நல்லாத் தொறந்து வைங்க ஓனர்" என்றேன்.

மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றைச் சுவரில் பொருத்தினேன். ஷெட்டுக்குள் காற்று எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் அதைச் சரிபார்த்து, ஒரு பெருக்கல் தப்பு என்று திருத்தினார். வலி வரும், போகும்; கழுத்துக்குப் பின்னால் பிடிப்பது போல இருக்கும் என்பார். மாத்திரை போட்டுக்கொள்வார். நான் ஃபேனின் வேகத்தைக் கூட்டுவேன்.

எடப்பாடியில் ஒரு மாணவியின் வீட்டில் தறி இருக்கிறது. அங்கே மிஞ்சும் கழிவு நூலை ஒரு மூட்டை வாங்கி வந்தார். திரியாகத் திரித்து, எண்ணெயும் குங்கிலியமும் காய்ச்சி அதில் நனைத்து, சந்துகளில் மொட்டை உளியால் தட்டித் தட்டி இறக்கினார். கடைசிப் பெயிண்ட் அடித்து, கண்களையும் மறுபடி வரைந்து, தின்னர் டப்பாவை மூடினோம். ஒரு வாரம் காயவிட்டோம். ஷெட் காலியானது. படகை மாரியண்ணன் இடத்துக்குக் கொண்டுபோய், கல் ஏற்றி, தண்ணீருக்குள் முங்க வைத்தோம். ஒன்பது நாள் ஊற வேண்டும். அணையில் தண்ணீர் திறப்பதால் மட்டம் தினமும் கொஞ்சம் இறங்கும். படகு வெளியே தெரிந்தால் காய்ந்துவிடும். தினமும் சாயங்காலம் போய் ஆழத்துக்குத் தள்ளிவிட வேண்டும். நான் மறப்பேன் என்று என் போனில் 5.15க்கு அலாரம் வைத்தார். அவர் குரலிலேயே பதிந்து வைத்தார்: "கிளீனரு, தண்ணி பாரு. ரைட்."

ஆறாம் நாள் தண்ணீர் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் வண்டியில் பின்னாலிருந்து சொன்னார்: "இன்னைக்கும் தல நெம்ப வலிக்குதுங்க."

"பழைய துணியில வாசம் இருக்கும். எல்லாத்தையும் ஊறப்போட்டுத் தொவச்சிரலாம்" என்றேன்.

"கிளீனர் சொன்னாச் செரிதான்" என்றார். அன்றைக்கே துவைத்தும் போட்டார். நீலக் கறை போகவில்லை.

ஒன்பதாம் நாள்தான் அந்த 11.42.

இனி எழுதப்போவதை மாமாவுக்காக எழுதுகிறேன்.

மாமா, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "நாந்தான் மாப்ள பட்டி பாக்கச் சொன்னேன். நான் ஒழுங்காச் சொல்லியிருந்தா எம் புள்ள அந்தத் தின்னர் வாசத்துல மூணு மாசம் கெடந்திருப்பாளா?" அன்றிலிருந்து நீங்கள் பட்டறைக்குப் போகவில்லை என்று அத்தை சொன்னார்கள். தின்னர் டப்பாவைப் பார்த்தால் அழுகிறீர்களாம். அன்று நான் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் என்னிடம் இருந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு இடம் வீங்கி இருந்திருக்கிறது. அது வெடித்துவிட்டது. தின்னருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். முன்னாடி தலைவலி இருந்ததா என்று கேட்டார். "இருந்துச்சுங்க. தின்னர்னு நெனச்சோம்" என்றேன். நெனச்சோம் என்றேன். நெனச்சேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

என் வேலையே கோளாறு கண்டுபிடிப்பதுதான். ஒரு காரணத்தைச் சந்தேகப்பட்டால் முதலில் அதை நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கிய பிறகும் கோளாறு இருந்தால் காரணம் அதுவல்ல. புதிதாக வருகிற பயிற்சியாளர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இது. தின்னர் டப்பாவை மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது. படகு தண்ணீருக்குள் இருந்தது. ஷெட்டில் குங்கிலிய வாசம்கூட இல்லை. அப்போதும் தலை வலிக்கிறது என்று அவர் சொன்னார். நான் துணியைத் துவைக்கச் சொன்னேன்.

முன்பே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதை இப்போ சொல்ல முடியாதுங்க" என்றார். சொல்ல முடியாது என்பதோடுதான் நான் இனி இருக்க வேண்டும். நீங்கள் இருக்க வேண்டியதில்லை மாமா. நீங்கள் சொன்ன பட்டியால் ஒரு படகு மூழ்கியது. அவ்வளவுதான். அதற்கு அவர் சிரித்தார்.

பட்டறைக்குப் போங்கள்.

நேற்று மாரியண்ணன் இடத்துக்குப் போனேன். அத்தனை நாளும் நான் போகாததால் படகு வெளியே வந்து காய்ந்து பிளந்திருக்கும் என்று நினைத்தேன். அது முழங்கால் ஆழத்தில் முங்கியே இருந்தது. "மட்டம் எறங்கறப்ப எல்லாம் நாந்தான் தள்ளி உட்டேன்" என்றார் மாரியண்ணன். இருவரும் கல்லை எடுத்தோம். வாளியால் தண்ணீரை இறைத்தோம். படகு மெதுவாக எழுந்தது. முதலில் இரண்டு கண்கள், பிறகு நீலம்.

முன் பலகையில், கிளீனர் இடத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஓனர் இடம். பாட்டில் மூடி அளவு தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. அவர் தட்டி இறக்கிய நூலை விரலால் தடவிப் பார்த்தேன். பலகை பெருத்து அதை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு இடத்திலும் கசிவில்லை. நான் எத்தனையோ பைப்லைனைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"இஞ்சின் மாட்டலீங்களா?" என்று கேட்டார் மாரியண்ணன்.

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு மெதக்க உட்டீங்க?"

"சும்மாதாங்க."

அப்போது 5.15 ஆனது. சட்டைப் பையிலிருந்து அவர் குரல் வந்தது. கிளீனரு, தண்ணி பாரு. ரைட். மாரியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தேன் ஓனர், தண்ணி இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குப் பதில், லாரி கிளம்ப கிளீனர் தட்டுவது போலப் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

போங்க ஓனர். ரைட்.

இதை அவருடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, ஹேமா டீச்சரிடம் கையில் கொடுக்கிறேன். மலர் வந்ததும் மாமா படிப்பார். படித்ததும் கூப்பிடுவார், திட்டுவதற்கோ, திட்டாமல் இருப்பதற்கோ. இரண்டையும் கேட்க என்னிடம் தெம்பில்லை. இப்போது மணி 5.09. 5.15 வருமுன் போனை அணைத்துவிட்டேன்.