செக்கரம்மாவின் கோபம்

சட்டை கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர். கோணல் தையலையும் விட்டுப்போன பட்டனையும் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். வீட்டிலோ, சாப்பாட்டில் உப்பில்லை என்று அவள் வாயைத் திறந்தால் போதும், கணவரும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் எழுந்துபோய், காலை மாத்திரையைப் போட்டாளா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. போன வருடம் நோய் கோபமாகத்தான் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குகிற அபூர்வ வியாதி. தட்டுகளை வீசினாள். பெற்ற மகளை யார் நீ என்று கேட்டாள். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு அதெல்லாம் துளிகூட நினைவில்லை, வீட்டில் மற்றவர்களுக்கு எதுவும் மறக்கவில்லை. குணமாகிக் கிளம்பும்போது டாக்டரம்மா, நடத்தையில் மாற்றம் தெரிந்தால் உடனே வாருங்கள் என்றார். அந்தப் பேச்சு அவர்களோடு வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது. பதினோரு மாதமாகக் கணவர் அவளிடம் குரல் உயர்த்தவே இல்லை.

இன்று கடைசிப் பரிசோதனை. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். அவர்கள் முறை வர இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது கம்பெனித் தோழி போன் செய்தாள். இவள் இடத்துக்கு வேறு ஆளை எடுக்கிறார்களாம். கணவர் போன வாரமே சூப்பர்வைசரைப் பார்த்து, அவள் இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாராம்.

காதெல்லாம் சூடேறியது. அந்த மனிதர் ஒன்றும் அறியாதவர்போலத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இங்கே கத்தினால் கதை முடிந்தது, பார்த்தீர்களா டாக்டர் என்பார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இது தன் கோபமா, நோயின் கோபமா? போன வருடமும் அவளுக்கு எல்லாம் நியாயமாகத்தானே பட்டிருக்கும்? சட்டையைப் புரட்டிப் பார்ப்பதுபோல அந்தக் கோபத்தை உள்ளும் புறமும் பார்த்தாள். ஒரு பிசிறும் தெரியவில்லை. ஆனால் பார்க்கிற கண்ணே கெட்டுப்போயிருந்தால்?

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“என்னைக் கேக்காம என் வேலைய விட வைக்க நீங்க யாரு?”

அவர் முகம் வெளிறியது. டாக்டரம்மாவைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, அவரும் கத்தினார்.

“பயமா இருந்துச்சு. அங்க போய் மறுபடி வந்துச்சுன்னா யாரு பாக்கறது? நீ பட்டது போதாதா? நாங்க பட்டது போதாதா?”

“அத என்கிட்ட சொல்லியிருக்கணும். சூப்பர்வைசர்கிட்ட இல்ல.”

டாக்டரம்மா இருவரையும் சண்டை போடவிட்டு, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். இந்தக் கத்து கத்துகிறவளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கணவர் பதறினார்.

“போன வருஷமும் கத்தினாங்க. அன்னைக்கு இப்படிப் பதிலுக்குப் பதில் பேச முடிஞ்சுதா உங்களால?”

அவர் யோசித்தார். இல்லையென்று தலையாட்டும்போதே கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, தான் சொன்னது தப்பு, திங்கட்கிழமை வருவாள் என்றார்.

போன் போட்டதற்கெல்லாம் அவள் கோபம் தீர்ந்துவிடவில்லை. அவரும் சமாதானம் செய்ய வராமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வரும்வரை பக்கத்திலேயே நடந்தார்.