டப்பாவுக்குள் போகாத மூடி

“நாலு வேணாம், ஒரே சகதி. பத்தொம்பதும் வேணாம், பள்ளம் தோண்டிப் போட்டுருக்கு.” எண் எழுதிய சோடா மூடிகளைத் தலைக்கு மேல் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு மடியில் போட்டுக்கொள்கிறார் அமீருன்னிசா. மிச்ச மூடிகள் பிஸ்கட் டப்பாவுக்குள் விழுகின்றன. வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, பிஸ்மில்லா சொல்லிக் குலுக்குகிறார். குலுக்கியபின் டப்பாவைக் காதில் வைத்துக் கேட்பார். என்ன கேட்கிறதோ, யாருக்குத் தெரியும்!

சமயநல்லூர் ஞாயிற்றுச் சந்தையில், தரையில் சுண்ணாம்பால் எண் போட்ட இடங்களில் யார் எங்கே கடை விரிப்பது என்பதை வாராவாரம் இந்த டப்பாதான் சொல்லும். முன்பெல்லாம் எல்லா எண்ணையும் போட்டுக் குலுக்கி, ஆகாத இடம் வந்தால் மறுபடி எடுப்பார்களாம். மறுபடி எடுத்தவருக்கு நல்ல இடம் விழுந்தால் போச்சு, குடுமிப்பிடிச் சண்டை. மல்லி, புதினா விற்கும் இந்த அம்மாதான் வழி சொன்னார். “கைக்கு வந்ததப் பிடுங்குனா மனசு ஆறுமா? ஆகாதத மொதல்லயே எடுத்துருவோம்.” எல்லாரும் எடுத்தபின் மிஞ்சும் மூடி அவருக்கு. அடேயப்பா, இந்த நேர்மைக்காகவே அவரிடம் ஒரு கட்டு கூடுதலாக வாங்குவேன்.

பன்னிரண்டும் டப்பாவுக்குள் போகாது. அது வாசலை ஒட்டிய இடம். விபத்தில் கால் ஒடிந்து ஊன்றுகோலோடு வரும் கத்தரிக்காய்க் கடை முத்துச்செல்விக்கென்று ஒதுக்கியது. போன வாரம் முத்துச்செல்வியே மறித்தார்.

“கால்தானக்கா போச்சு, என் அதிர்ஷ்டமுமா போச்சு? எல்லாரும் கைய விட்டு எடுக்கையில நான் மட்டும் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறேன். என்னையும் சேத்துக்கங்க.”

“கடைசி வரிசை விழுந்தா ஏவாரம் படுத்துரும் தாயி,” என்றார் வெங்காயக் கடை சங்கிலி.

“விழட்டும்ண்ணே.”

அமீருன்னிசா பன்னிரண்டை மடியிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து உள்ளே போட்டார். வழக்கத்தைவிட நெடுநேரம் குலுக்கினார். டப்பாவை முதலில் முத்துச்செல்வியிடம்தான் நீட்டினார்.

இருபத்தாறு. கடைசி வரிசை, கடைசி மூலை. பன்னிரண்டு சங்கிலிக்கு விழ, “மாத்திக்கலாமா?” என்று வாயெடுத்தார் மனுஷன். அமீருன்னிசா பார்த்த பார்வையில், மூடியோடு வாசல் பக்கம் நடையைக் கட்டினார். முத்துச்செல்வி மூடியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டிச் சிரித்தபடியே போனார்.

மிஞ்சியது மூன்றாம் எண் மூடி. வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி மல்லிக்கட்டுகளை அடுக்கினார் அமீருன்னிசா. வந்தவர்களிடமெல்லாம், “கத்தரிக்கா வாங்கலையா?” என்றுதான் முதலில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், கையிலிருந்த மல்லிக்கட்டாலேயே கடைசி மூலையைக் காட்டினார்.