நோற்காத நோன்புக்குக் கிடைத்த கஞ்சி

அக்கரைப்பற்றைத் தாண்டி, பாலமுனைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். எண்பதாம் ஆண்டு, ஆடி மாதம். கச்சான் காற்று நெருப்பாக வீசியது. துவாயால் தலையை மூடியிருந்தேன். தோளில் ஓர் உரப்பை. அதற்குள் ஒரு சாரம், ஒரு சட்டை, அட்டை கிழிந்த புதிய ஏற்பாடு. என் சொத்து அவ்வளவுதான்.

அதற்கு முன் சாகாமத்தில் ஒரு போடியாரின் வயலுக்குத் தண்ணீர் கட்டும் வேலை பார்த்தேன். குளம் வற்றியது. பயிர் கருகியது. "தண்ணியே இல்ல, தண்ணி கட்ட ஆள் என்னத்துக்கு?" என்று போடியார் கேட்டார். நியாயமான கேள்விதான். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் ஊரில் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. வேலை போவது எனக்குப் புதிதல்ல, பசியும் புதிதல்ல. ஆனால் அந்த முறை மனதை வாட்டியது வேறொன்று.

சூறாவளி அடித்த எழுபத்தெட்டாம் ஆண்டில்தான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டிருந்தேன். சாகாமத்தை விட்டுப் புறப்படும்போது அவரோடு ஓர் ஒப்பந்தம் பேசினேன். "மூன்று நாள் உபவாசம் இருக்கிறேன். நீர் ஒரு வேலை தாரும்." முதல் நாள் இருந்தேன். வழியில் கேட்ட இடமெல்லாம் வேலை இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு வெள்ளரித் தோட்டம் கண்ணில் பட்டது. வேலிக்குள் கையை விட்டு ஒரு பழத்தைப் பிடுங்கினேன். தின்றேன். இன்னொன்றையும் தின்றேன்.

உபவாசம் போயிற்று. போதாததற்குக் களவும் சேர்ந்துகொண்டது. இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது? ஆண்டவர் கதவைச் சாத்திவிட்டார் என்றே நினைத்தேன். ஜெபிப்பதையே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பாலமுனைக்குள் வந்தபோது கால் பின்னியது. முஸ்லிம் ஊர், நோன்பு மாதம். தேநீர்க் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஊரே தண்ணீர் குடிக்காமல் இருக்கும்போது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கவும் வெட்கமாக இருந்தது. பள்ளிவாசல் மதில் நிழலில் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, பேரம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. பசிக்கிறது" என்றேன். அது ஜெபமா முறைப்பாடா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பின்னேரம் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். ஆதம்பாவா காக்கா என்று ஊரே அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுபவர். பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர். என் காய்ந்த உதட்டையும் தலைத் துவாயையும் பார்த்தார்.

"நோன்போட பயணமா மனே? எங்க இருந்து வாறாய்?"

"சாகாமத்தில இருந்து."

"அல்லாஹ்வே! இந்தக் கச்சானுக்க நடந்தா? பயணத்தில நோன்ப விடலாம்தானே!"

நான் பேசவில்லை. வாய் ஒட்டிப்போயிருந்தது ஒரு காரணம். பேசாமல் இருந்தாலே கஞ்சி கிடைக்கும் என்பது மற்றக் காரணம்.

அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பன்பாயின் நடுவில் இருத்தினார். வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார். "பாருங்க, சாகாமத்தில இருந்து நடந்து வந்திரிக்கான், நோன்போட! உங்களுக்குப் பள்ளிக்கு வரவே சைக்கிள் வேணும்!"

எனக்கு முன்னால் கஞ்சிக் கோப்பையை வைத்தார்கள். ஆவி பறந்தது. பக்கத்தில் இருந்த பல் விழுந்த பெரியவர் தன் பேரீச்சம்பழத்தையும் என் பக்கம் தள்ளினார். "நீ எடு. கொட்டையோட சண்டை பிடிக்க எனக்குப் பல்லில்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் கோப்பை போய்விடும். சொல்லாவிட்டால் அந்தக் கிழவரின் பழத்தையும் களவெடுத்த மாதிரி. எழுந்து நின்றேன்.

"காக்கா, என்ட பேர் யோசேப்பு. நான் வேதக்காரன். நோன்பு பிடிக்கல்ல. சாப்பாடு இல்லாமத்தான் கிடந்தன். நேத்து வெள்ளரிப்பழம் களவெடுத்தும் திண்டன்."

 அந்த நேரம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். எல்லாக் கையும் ஒன்றாகக் கோப்பைக்குப் போனது. என்னைத் துரத்த ஒருவருக்கும் நேரமில்லை!

ஆதம்பாவா காக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தார். "பிடிச்சவனுக்கும் பசி, பிடிக்காதவனுக்கும் பசி. ஆற முன்னம் குடி மனே."

நான் இருந்த உபவாசம் பாதியில் உடைந்தது. நோற்காத நோன்புக்குக் கஞ்சி கிடைத்தது. கிருபை என்ற சொல்லைப் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதைக் கோப்பையோடு பிடித்தேன். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். அழுதேன், குடித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

இரண்டாம் கோப்பையும் முடிந்தபோது காக்கா கேட்டார், "எப்பிடிக் கஞ்சி?"

உண்மை பேசத் தொடங்கிய வாய் நிற்கவில்லை. "உப்பில்ல காக்கா."

பள்ளியே சிரித்தது. பெரியவர் தொடையில் தட்டினார். "நாலு நோன்பா நாங்க சொல்றம், கேட்டானா? வேதக்காரன் வந்து சொல்ல வேண்டி இரிக்கி!"

"நோன்போட நாக்கில வெச்சுப் பார்க்க எனக்கு மனசு வராது" என்றார் காக்கா. பிறகு என்னைப் பார்த்தபடி யோசித்தார். "உனக்குத்தான் நோன்பில்லையே. காலையில வா. விறகு கொத்தவும் ஆள் வேணும், உப்புப் பார்க்கவும் ஆள் வேணும்."

அன்று அவருடைய விறகுக் கொட்டிலில் படுத்தேன். கேட்டது வேலை. கேட்க வெட்கப்பட்டது சாப்பாடு. இரண்டையும் ஆண்டவர் ஒரே இடத்தில், நான் நினைத்தே பார்க்காத மனிதரின் கையால் தந்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

அதன்பிறகும் நான் ஊர் ஊராகத் திரிந்தவன்தான். ஆனால் ஆண்டவரோடு ஒப்பந்தம் பேசுவதை விட்டுவிட்டேன். வெள்ளரித் தோட்டக்காரரையும் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். நன்றாக ஏசினார். ஏசி முடித்து, போகும்போது ஒரு பழமும் தந்தார்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, ஜெபிக்கத் தகுதியில்லை என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்களா? தகுதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு அது இன்னும் வரவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

கஞ்சி குடித்த அடுத்த நாள் விடிந்ததும் காக்கா கோடரியைத் தந்தார். மத்தியானம் வரை விறகு கொத்தினேன். கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பின்னேரம் கஞ்சி கொதித்து வந்ததும் அகப்பையை என்னிடம் நீட்டினார். அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். ஊதி ஊதி ஆற்றி, நாக்கில் வைத்தேன்.

"இன்னும் ஒரு பிடி போடுங்க, காக்கா" என்றேன்.