டாக்டரம்மா மேல பழி, குத்தம் உப்பு மேல

எனக்கு வயசு எழுபத்திரண்டு. அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெத்தது, ஒண்ணு என் தங்கச்சி பெத்தது. மரக்காணம் உப்பளத்துல இன்னும் பலகை பிடிச்சு உப்பு வாருறேன். ரெண்டாங் கிளாஸ் படிப்புதான், அதனால நிதானமாத்தான் எழுத வரும்.

போன கோடையில, கஞ்சி குடிக்கிற நேரத்துக்குப் பக்கத்துப் பாத்திக்காரி போன்ல ஒரு தொடர்கதை வைப்பா. வேற கிரகத்துல மனுசங்க குடியிருக்கிற கதை. அங்க புதுசா ஒரு டாக்டரம்மா போய் இறங்குறாங்க. பத்தே நாள்ல ஊர் முழுக்க வயித்தால போகுது, ஆளுங்க சுருண்டு சுருண்டு விழறாங்க. 'கொள்ளைநோயை நீதான் கொண்டாந்தே'ன்னு அந்தம்மாவைப் பிடிச்சு அடைச்சுட்டாங்க. மறுநாள் கதவைத் திறந்து வெளியே தள்ளப்போறாங்க. வெளியே மூச்சு விடக் காத்தே கிடையாது!

"அவதான் செஞ்சிருப்பா. அவ வந்ததுலேர்ந்துதானே நோவு?"ன்னா பக்கத்துப் பாத்திக்காரி.

எனக்கு வேறொண்ணு காதுல விழுந்துது. அந்த ஊர்ல ஏரித் தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் வத்தவிட்டு உப்பு அள்ளித் தின்னாங்களாம். கஞ்சியைக் கீழே வெச்சுட்டு எழுந்துட்டேன்.

"அடியே, கசப்புத் தண்ணியை வடிக்கவே இல்லடி! உப்பு பூத்ததும் மீதித் தண்ணியை வெளியே விடணுமா இல்லையா? அப்படியே காய வெச்சுத் தின்னா வயித்தால போகாம என்ன பண்ணும்? டாக்டரம்மா மேல ஒரு குத்தமும் இல்ல!"

மேஸ்திரி சிரிச்சார். "ஏம்மா, ராக்கெட்டுல போயி சாட்சி சொல்லிட்டு வா. லீவு தர்றேன்."

எனக்கு ரோசம் வந்துடுச்சு. "அந்தம்மாதான் குத்தவாளின்னு நாளைக்கு வந்துட்டா, இனிமே உப்பைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அம்பது வருசம் உப்புல நின்னவ வாய் அது.

மறுநாள் பாதிப் பாத்தி வாருறதுக்குள்ள எல்லாரும் கொட்டகைக்கு ஓடியாந்துட்டாங்க, மேஸ்திரியும்தான். போன்ல கதவு கர்ருனு திறக்குது. பக்கத்துப் பாத்திக்காரி என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "நிறுத்துங்க!"ன்னு ஒரு குரல். டாக்டரம்மா மேல குத்தமில்லைன்னு விட்டுட்டாங்க! நான் போட்ட கூச்சல்ல பாத்தியில நின்ன கொக்கெல்லாம் பறந்துடுச்சு.

ஆனா நோவுக்குக் காரணம், பாறைக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த ஏதோ கிருமியாம்.

"பாத்தியா ஆயா, உப்பு இல்ல"ன்னா பக்கத்துப் பாத்திக்காரி.

"டாக்டரம்மாவை விட்டாங்களா இல்லையா? கதை எழுதினவரு உப்பளத்தைப் பாத்ததில்லடி."

கிருமி இல்லை. உப்புதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பேத்திக் கண்ணு, இங்க வா. இதைச் சத்தமா படிச்சுக் காட்டு. உப்புக்கு எங்கயாவது புள்ளி வெக்காம விட்டிருந்தா வெச்சுடு.