செல்வமணி அக்காவின் இரண்டு போத்தல்கள்

1. பளபளத்த மாடுகள்

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மாட்டு உண்ணிக்கு எதிரான தடுப்பூசியை வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ட்ரையல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி போட்ட மாட்டுக்குக் காதில் மஞ்சள் டேக், போடாததற்கு நீல டேக். இரண்டு பக்கமும் உண்ணிகளை எண்ணி ஒப்பிட வேண்டும்.

போய்ப் பார்த்தால் ஒரு மாட்டிலும் ஓர் உண்ணி இல்லை! நீல டேக் மாடுகளும் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளத்தன.

ட்ரையலை நடத்திய எங்கள் மாட்டு டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. "இந்த முறையும் வித்தியாசம் காட்டலன்னா ட்ரையலை நிப்பாட்டிருவாங்க தம்பி" என்றார்.

செல்வமணி அக்கா கொழுந்து எடுப்பவர். அவருடைய பழைய பசு உண்ணிக் காய்ச்சலில் இரத்தமாக மூத்திரம் பெய்து செத்தது. இப்போதிருக்கும் இரண்டில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். இந்த ஊசி வேலை செய்ய வேண்டுமென்று எங்களைவிட அவர்தான் தவித்தார்.

"அக்கா, உண்ணியெல்லாம் எங்க?"

"நீங்க வாறீங்கன்னு வெள்ளனவே புடுங்கி மண்ணெண்ணெ டின்னுல போட்டாச்சுங்க. தோட்டத்துத் தொரை வந்தா லயத்து வீடுகளக் கூட்டுறோம். டாக்டரய்யா வந்தா மாட்ட அழுக்கா காட்டுறதா? லயத்துல எல்லாருந்தான் புடுங்குனாங்க."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

2. டின்னுக்குள்

அந்த டின்னைக் குச்சியால் கிளறினேன். அவரை விதைபோல் உப்பிய சாம்பல் நிற உண்ணிகள். நடுவில் சில சுருங்கி, செக்கச் செவேலென்று கிடந்தன. எங்கள் ஊசி மாட்டைவிட உண்ணியைத்தான் குறிவைத்தது. ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தைக் குடித்தால் உண்ணியின் குடல் கெட்டு உடம்பு சிவந்துபோகும். முட்டையும் சரியாக இடாது.

"இது எந்த மாட்டோடது அக்கா?"

"ரெண்டையும் ஒண்ணாத்தானேங்க போட்டேன்!"

டாக்டர், இனிப் பிடுங்கவே கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "நல்லாப் புடுங்குங்க. ஆனா மஞ்சளுக்கு ஒரு போத்தல், நீலத்துக்கு ஒரு போத்தல்."

லயம் முழுக்க ஸ்பிரிட் ஊற்றிய போத்தல்கள் கொடுத்தோம். அடுத்த முறை போனபோது வாசல்தோறும் சோடி சோடியாக நின்றன. நீலப் போத்தல்களில் உப்பிய சாம்பல் உண்ணிகள் கழுத்துவரை. மஞ்சளில் அடியில் கொஞ்சம், அதிலும் பெரும்பாலும் சிவப்பு.

சத்தமாகப் பேசியே அறியாத டாக்டர், "வேலை செய்யுதுடா!" என்று என் முதுகில் அறைந்தார். நான் மாட்டைக் கட்டிப்பிடித்தேன்.

செல்வமணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ என் நீலக்காதுக்காரிக்கு எப்பங்க போடுவீங்க? அவ என்ன பாவம் செஞ்சா?"

ட்ரையல் முடிந்த கையோடு முதல் ஊசி அவளுக்குத்தான் போட்டோம்.

சனங்களின் கைப்பழக்கத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

சில மாதம் கழித்துப் போனபோது அக்கா நீலப் போத்தலோடு ஓடி வந்தார். அடியில் பொடியாக இரண்டு சிவப்பு உண்ணிகள்.

"வெள்ளனயிலிருந்து தேடுறேங்க. இவ்வளவுதான் கெடச்சிச்சு. கோவிச்சுக்காதீங்க!"