கரிநாளில் அவளுக்கு ஒரு கூறு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் அவளும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். நான் ஜவ்வாது மலைக்காரி. சென்னையில் ஒரு துணிக் கம்பெனியில் கட்டிங் வேலை. அவள் நாகாலாந்து மலைக்காரி. அழகு நிலையத்தில் வேலை. ஒரே மொட்டை மாடியில் எதிரெதிர் அறை. எனக்கு வாய் அதிகம், அவளுக்குச் சிரிப்பு அதிகம். அதனால் ஒத்துப்போனது.

முதலில் பாரிமுனைக்குப் போய் அத்தோ நூடுல்ஸ் சாப்பிடுவோம். பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தின் தள்ளுவண்டி அது. இந்த ஊரிலேயே அவளைப் பார்த்து எந்த நாடு என்று கேட்காத ஒரே ஆள் அந்த வண்டிக்காரர்தான். காரம் எவ்வளவு என்று மட்டும் கேட்பார். மற்றவர்கள் எல்லாம் அவளிடம் இந்தியில்தான் ஆரம்பிப்பார்கள். அவளுக்கு இந்தி என்னைவிடக் கொஞ்சம்தான் கூட வரும். "தமிழ்லயே பேசுங்கண்ணே" என்பாள். ஆட்டோக்காரர் குஷியாகிவிடுவார். அடுத்த நொடியே, "நேபாளமாம்மா?" என்பார்.

கடற்கரையில் ஒரு குடும்பம் அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்கக் கேட்டது. வெள்ளைக்காரி என்று நினைத்தார்களா, சைனாக்காரி என்று நினைத்தார்களா, தெரியவில்லை. எடுங்கள், ஆனால் அடுத்து உங்கள் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்தி நாங்கள் எடுப்போம் என்றேன். அந்த மனுஷனுக்கு வெட்கம் வந்து சுண்டல் வாங்கப் போய்விட்டார். அவள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

என்னையும் விடமாட்டார்கள். மலையில் கரன்ட் இருக்கிறதா, புலி வருமா, என்ன தின்பீர்கள் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டு ஓனருக்கு அவள் வெளிநாடு, நான் காடு. பஸ்ஸில் ஒரு ஆப்பிரிக்கப் பையன் உட்கார்ந்திருந்தால் பக்கத்து சீட் காலியாகவே வரும். நான் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அதில் தியாகம் ஒன்றும் இல்லை, கால் வலிக்கும். நின்றுகொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சலாக இருக்கும். அவள் ஊர் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. சமவெளியிலிருந்து கூலிக்கு வருகிறவர்களை அங்கே ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்களாம். அவளே சொன்னாள். எங்கள் மலையிலும் சமவெளிக்காரரைக் கீழ்நாட்டான் என்று சொல்லும்போது வாய் கோணும்.

மார்கழியில் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு கஸ்டமர் நாற்காலியில் சாய்ந்தபடி, "இவ என் மூஞ்சில கை வைக்கக் கூடாது, வேற பொண்ணக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். முதலாளியம்மாவும் வேறு பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். மறுநாள் இவள் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். பொங்கல் முடிந்ததும் ஒரேயடியாகப் போகிறாளாம். நான் அந்தக் கஸ்டமரின் விலாசம் கேட்டேன். தரவில்லை. சரி, போவதற்கு முன் என் ஊரையாவது பார் என்று பொங்கலுக்குக் கூட்டிப்போனேன். அவள் மனதை மாற்ற வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எப்படி என்று தெரியாது.

ரயிலில் வாணியம்பாடி, அங்கிருந்து காவலூர் பஸ். கண்டக்டர் அவளைப் பார்த்ததும் டெலஸ்கோப் ஸ்டாப்பில் இறங்கணுமா என்று கேட்டார். வானம் பார்க்க வருகிறவர்களை எல்லாம் அங்கேதான் இறக்கிவிடுவார். இல்லை, இவள் பன்றிக் கறி தின்ன வருகிறாள் என்றேன். அவர் அதற்கப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை.

ஊரில் நான் பயந்தது நடந்தது. எல்லோரும் அவளை முறைத்து முறைத்துப் பார்த்தார்கள். என் அண்ணி அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த மலைமா உனுக்கு?"

அவள் தன் மலையின் பேரைச் சொன்னாள். அண்ணிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை.

"அங்க சாமை வெளையுமா?"

"நெல்லுதான் அக்கா. மலையிலயே."

"தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்று எங்கள் ஊரில் பன்றி அடிப்போம். கறியை மந்தாரை இலைகளில் வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரிப்போம். வேலையில் கை வைத்த வீட்டுக்குத்தான் கூறு. சும்மா வந்து நின்ற விருந்தாளி, தங்கியிருக்கிற வீட்டின் கூறில்தான் தின்ன வேண்டும். கூறு வைப்பது என் பெரியப்பா. அவர் வைத்தால் வைத்ததுதான்.

ஆண்கள் சாமைத் தாளைக் கொளுத்தி மயிர் பொசுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுடிதார் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் ஒரு கத்தியை எடுத்துத் தோலைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டாள். அவள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு இதே வேலைதானாம். நான் திட்டில் உட்கார்ந்து சென்னைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலை பரப்பும்போது பிரச்சினை வந்தது. பெரியப்பா கையை நிறுத்தினார். என் அண்ணன் ஏதோ சொன்னான். இன்னொருவர் மறுத்தார். எல்லோரும் அவளைக் கை காட்டிப் பேசினார்கள். குரல் ஏறியது. எங்கள் மலைப் பேச்சு வேகமாகப் போனால் அவளுக்குப் புரியாது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கை கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, நான் தொட்டது தப்பா? நாம போலாம்."

என் சொந்த ஊரிலேயே இதா என்று எழுந்து போய், பெரியப்பா என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"இன்னாத்துக்குக் கத்துற? அந்தப் பொண்ணு கை வச்சிருக்குது. அதுக்குக் கூறு உண்டு. உன் அண்ணன் வூட்டு வரிசைல வைக்கிறதா, தனி வூடா வைக்கிறதா, அதான் பேச்சு."

பெரியப்பா ஒரு இலையை எடுத்து, வரிசையின் கடைசியில் தனியாகப் போட்டார். தனி வீடு. அதில் கறியை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். நான் என் இலையைத் தேடினேன். இல்லை. எனக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ திட்டு மேல குந்திகினு வாயத்தான் வேல செய்ய வச்ச. வாய்க்குக் கூறு கெடையாது."

ஊரே சிரித்தது. அண்ணிதான் சத்தமாகச் சிரித்தாள். பிறந்த ஊரில் நான் விருந்தாளி, முந்தாநாள் வந்தவளுக்குத் தனி வீடு. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவளுக்கு நடந்ததை நான் விளக்கியபோது, அந்த இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். எல்லோருக்கும் சொல்கிற வழக்கமான பேச்சுதான். கூறு வாங்கின வீட்டுக்காரர் அடுத்த கரிநாளுக்கு வந்து கை வைக்க வேண்டும். வராமல் போனால் அந்த வீட்டுக்கு அதற்கப்புறம் இலை கிடையாது.

"வந்துடுமா. வராம இருந்துடாத," என்றார் அவளிடம்.

"வர்றேங்க," என்றாள் அவள்.

வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தன் கறியை அண்ணி வீட்டு அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் காயவைத்தாள். அதுவும் அவள் ஊர்ப் பழக்கம். கிளம்பும்போது பையில் துணிக்கு நடுவில் அதைச் சுற்றி வைத்தாள். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டே இருந்தாள். ஆம்பூர் தாண்டியதும் என்னிடம் திரும்பினாள்.

"டிக்கெட் கேன்சல் பண்ணிட்டேன். அடுத்த கரிநாள் வரைக்கும் இருக்கணுமே. அங்க இருந்து எல்லாம் வர முடியாது அக்கா, தூரம்."

நான் வாயைத் திறந்தால் கெட்டுப்போகும் என்று பயம். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த அழகு நிலையத்தை அவள் விட்டுவிட்டாள். இப்போது வேறு கடை. அங்கேயும் கேட்பார்கள், நேபாளமா, சைனாவா என்று. கடற்கரையில் போட்டோவும் கேட்பார்கள். ஒரு இலையால் சென்னை மாறிவிடவில்லை.

ஊரிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறியை மூங்கில் குருத்து போட்டுச் சமைத்தாள். ஓனர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, என்ன நாற்றம், எந்த நாட்டுச் சமையல் என்று கேட்டார். எங்கள் மலைக் கறி என்றேன். எந்த மலை என்று அவர் கேட்கவில்லை, இறங்கிப் போய்விட்டார். நான் தட்டை நீட்டினேன். அவள் கூறு அது, அதனால் எனக்குக் கொஞ்சமாகத்தான் போட்டாள்.